எல்லை தாண்டும் மின்-மருந்துச்சீட்டு: தேசியத் திட்டத்தில் எதை முதலில் வைப்பது

2019 ஜனவரி முதல், பின்லாந்து மருத்துவர் எழுதிய மின்-மருந்துச்சீட்டுக்கு எஸ்தோனிய மருந்தகத்தில் மருந்து வாங்க முடிகிறது. கையில் காகிதம் வேண்டாம், அடையாள ஆவணம் போதும். இரண்டு நாடுகளிலும் உள்நாட்டு மின்-மருந்துச்சீட்டு 2010-லேயே தொடங்கிவிட்டது. ஆனாலும் எல்லையை இணைக்க இத்தனை ஆண்டுகள் ஆயின. எஸ்தோனியச் சீட்டு பின்லாந்தில் செல்லுபடியாக 2020 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இப்போது ஐரோப்பிய சுகாதாரத் தரவுவெளிச் சட்டம் (2025/327) இப்படிச் சீட்டுகளைப் பரிமாறிக்கொள்ள ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லா உறுப்பு நாடுகளுக்கும் 2029 மார்ச் என்று கெடு வைத்திருக்கிறது. தேசியத் திட்டம் எழுதுபவர்கள் பெரும்பாலும் சாஃப்ட்வேர் கொள்முதலில் தொடங்குகிறார்கள். அது தலைகீழ். தொடங்க வேண்டிய இடம் நாட்டின் மருந்துப் பட்டியல்.

முதலில் ஒரு சீட்டின் பயணத்தைப் பார்த்துவிடுவோம். எஸ்தோனிய மருந்தாளர் திரையில் பின்லாந்தைத் தேர்ந்து, வாங்க வந்தவரின் அடையாள எண்ணை இடுகிறார். கேள்வி எஸ்தோனியாவின் தேசியத் தொடர்பு முனை (பிற நாடுகளோடு தரவைப் பரிமாறும் நுழைவாயில்) வழியாக, பின்லாந்தின் சமூகக் காப்பீட்டு நிறுவனமான கேலா நடத்தும் பின்லாந்து முனைக்குச் செல்கிறது. திரும்பி வரும் பெயரையும் பிறந்த தேதியையும் ஆவணத்தோடு ஒப்பிட்ட பிறகே சீட்டுப் பட்டியலைக் கேட்க வேண்டும். தேர்ந்தெடுத்த சீட்டு இரண்டு வடிவில் வரும்: கணினி படிக்கும் குறியீடுகள் கொண்ட சிடிஏ (மருத்துவ ஆவணத் தரம்) ஆவணம் ஒன்று, மூலச் சீட்டின் பிடிஎஃப் ஒன்று. மருந்து கொடுத்ததும் வழங்கல் பதிவு பின்லாந்துக்குத் திரும்ப வேண்டும். இல்லாவிட்டால் அதே சீட்டுக்கு ஊர் திரும்பி இன்னொரு முறை மருந்து வாங்கிவிடலாம்.

இதில் வேலைப் பிரிவினை முக்கியம். தன் நாட்டுக் குறியீட்டை, எல்லா நாடுகளும் ஏற்ற பொதுக் குறியீடாக மாற்றுவது சீட்டு எழுதிய நாட்டின் பொறுப்பு. அந்தப் பொதுக் குறியீட்டைத் தன் மொழியில் காட்டுவது மருந்து கொடுக்கும் நாட்டின் பொறுப்பு. ஆகவே உங்கள் பட்டியலில் உள்ள ஓட்டை அண்டை நாட்டு மருந்தாளரின் திரையில்தான் முதலில் தெரியும்.

பட்டியலில் ஒவ்வொரு மருந்துக்கும் தனித்தனிக் கட்டங்களாக இவை வேண்டும்: மூலப்பொருள், அதன் உப்பு வடிவம், வலிமை, அந்த வலிமை எதைக் குறிக்கிறது (உப்பின் எடையையா, மூலப்பொருளின் எடையையா) என்பது, மருந்து வடிவம், பொதியின் அளவு, ஏடிசி குறியீடு (மருந்துகளை வகைப்படுத்தும் சர்வதேசக் குறியீடு). ‘ஏடிசி இருக்கிறதே, போதாதா?’ என்ற கேள்வி எல்லாக் கூட்டத்திலும் வரும். போதாது. ரத்த அழுத்தத்துக்குத் தரும் மெட்டோப்ரொலால் சக்சினேட்டுக்கும் டார்ட்ரேட்டுக்கும் ஒரே குறியீடு, சி07ஏபி02. சக்சினேட் 47.5 மில்லிகிராமும் டார்ட்ரேட் 50 மில்லிகிராமும் ஈடானவை. ஆனால் சக்சினேட் மெதுவாகக் கரையும் மாத்திரையாக, நாளுக்கு ஒரு வேளை தரப்படுவது. சாதாரண டார்ட்ரேட் மாத்திரையை அப்படித் தர முடியாது. உப்பும் வடிவமும் தனிக் கட்டத்தில் இல்லையென்றால், கவனமான மருந்தாளர் மருந்தைத் தர மறுப்பார். கவனமில்லாதவர் தந்துவிடுவார், அது இன்னும் மோசம். மருந்துகளை அடையாளப்படுத்த ஐடிஎம்பி எனப்படும் ஐந்து ஐஎஸ்ஓ தரங்கள் வந்தது இந்தச் சிக்கலுக்காகத்தான். வடிவத்துக்கு ஐரோப்பிய மருந்துத் தர அமைப்பான ஈடிக்யூஎம்-இன் சொற்பட்டியலையும், அளவைகளுக்கு யூசியூஎம் என்ற அலகுக் குறியீட்டு முறையையும் எடுத்துக்கொள்ளுங்கள். சொந்தமாகப் பட்டியல் உருவாக்காதீர்கள்.

எல்லா மருந்தையும் பொதுக் குறியீட்டோடு ஒரே மூச்சில் பொருத்த முயன்றால் வேலை முடியாது. கடந்த ஓராண்டில் அதிகம் வழங்கிய மருந்துகளை மேலிருந்து கீழாக அடுக்கி, அந்த வரிசையில் போங்கள். ஒருவர் பொருத்தியதை இன்னொரு மருந்தாளர் சரிபார்க்கட்டும். பொருந்தாததை ‘மற்றவை’ என்று அனுப்ப வேண்டாம். அந்தச் சீட்டை எல்லை தாண்ட விடாமல் நிறுத்துவதே பாதுகாப்பு.

அடுத்தது அளவு. மருத்துவர் 100 மாத்திரை எழுதியிருக்கிறார், அங்கே 30 மாத்திரைப் பொதிதான் கிடைக்கிறது என்று வையுங்கள். சீட்டில் ‘1 பெட்டி’ என்று இருந்தால் மருந்தாளர் 30 கொடுப்பார், சீட்டும் தீர்ந்ததாகப் பதிவாகும். மாத்திரை எண்ணிக்கையில் இருந்தால் மூன்று பொதி கொடுத்து, 10 மீதி என்று பதியலாம். உள்நாட்டு மென்பொருளில் இதை இப்போதே மாற்றிவிடுங்கள். பின்னால் மாற்றினால் ஒவ்வொரு மருத்துவமனையிலும் கை வைக்க வேண்டிவரும்.

உட்கொள்ளும் முறையும் கட்டத்துக்குள் வர வேண்டும். ஜெர்மானியச் சீட்டில் காணும் ‘1-0-1’ நம்மூரிலும் பழக்கம்தான், ஆனால் அதை எல்லாரும் ஒரே மாதிரிப் படிப்பார்கள் என்று நம்ப முடியாது. எத்தனை, எப்போது, எத்தனை நாள் என்று பிரித்துப் பதிந்தால் திரை தானாக மொழிபெயர்க்கும். மருத்துவர் வாக்கியமாகத் தட்டியது மூல மொழியிலேயே போய் நிற்கும்.

எல்லை தாண்டும் சீட்டில் இருந்தே தீர வேண்டியவற்றை ஐரோப்பிய ஒன்றியத்தின் 2012/52 ஆணை சொல்கிறது: நோயாளியின் முழுப்பெயர், பிறந்த தேதி, சீட்டு எழுதிய தேதி, மருத்துவரின் பெயர், தகுதி, தொடர்பு விவரம், பணியிடம், கையொப்பம், மருந்தின் பொதுப்பெயர், வடிவம், அளவு, வலிமை, உட்கொள்ளும் முறை. வணிகப் பெயர் எழுதுவது உயிரியல் மருந்துகளுக்கும், மருத்துவர் அவசியம் என்று கருதுபவற்றுக்கும் மட்டும். பின்னதற்குக் காரணத்தையும் குறிக்க வேண்டும். உள்நாட்டில் மருத்துவரின் பதிவு எண் போதுமாக இருந்திருக்கும். வெளிநாட்டு மருந்தாளருக்கு அந்த எண்ணால் பயனில்லை, தொலைபேசி எண்தான் உதவும்.

சட்ட ஏற்பாட்டில் மூன்றைத் தனியே எழுதி வையுங்கள். ஒன்று ஒப்புதல்: பின்லாந்தில் நோயாளி ‘ஓமகந்தா’ இணையச் சேவையில் முன்கூட்டியே ஒப்புதல் தந்திருக்க வேண்டும், தராதவரின் சீட்டு எஸ்தோனியாவில் தெரியாது, மருந்தகத்தில் குழப்பம்தான் மிஞ்சும். இரண்டு, விலக்குகள்: போதை மருந்துகள் போன்ற தனிச்சீட்டு மருந்துகளை வடிகட்டும் விதி அனுப்பும் முனையிலேயே இருக்க வேண்டும். மூன்று, பணம்: பின்லாந்துக்காரர் எஸ்தோனியாவில் முழு விலையையும் கட்டிவிட்டு, பிறகு கேலாவிடம் ஈட்டுத்தொகை கேட்கிறார். ரசீதில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதை முன்பே சொல்லிவிடுங்கள்.

இவ்வளவும் ஆன பிறகுதான் தொடர்பு முனை. ‘ஓபன்என்சிபி’ என்ற திறமூல மென்பொருள் இதற்கென்றே இருப்பதால் இது ஒப்பீட்டளவில் எளிய பகுதி. சோதனையில் சரியான சீட்டுகளை மட்டும் ஓட்டிப் பார்க்காதீர்கள். பாதி வழங்கிய சீட்டு, காலாவதியானது, மருத்துவர் ரத்து செய்தது, ஒப்புதல் திரும்பப் பெற்றது, வழங்கல் பதிவு நடுவழியில் நின்றுபோனது என எல்லாவற்றையும் ஓட்டுங்கள். கடைசி வகைக்குத் தானாக மறுபடி அனுப்பும் வசதியும், தவறான பதிவை நீக்கும் வழியும் தேவை. பொதுக் குறியீட்டுப் பட்டியல்கள் அவ்வப்போது புதுப்பிக்கப்படும், அப்போதெல்லாம் பொருத்தும் வேலை திரும்ப வரும். திட்ட நிதி தீர்ந்ததும் மருந்தாளர் குழுவைக் கலைத்துவிடாமல், அவர்களுக்கு நிரந்தரப் பணியிடமாகவே வரவுசெலவில் ஒதுக்குங்கள்.