இடுப்பை விட்டு இறங்காத மகள்
காரைக்குடி வீட்டில் வளவு முழுக்க ஓடித் திரிந்த ஒன்றரை வயது மகள், திடீரென்று என் இடுப்பை விட்டு இறங்க மறுத்தாள். அப்பத்தாவிடம்கூடப் போகவில்லை, தொட்டதற்கெல்லாம் கோபம். திருஷ்டி சுற்றினோம். பல்லோ என்று ஈறைத் தடவினோம், வீக்கமில்லை.

அப்புறம்தான் கவனித்தேன்: தோளில் நிமிர்த்தி வைத்தால் அமைதி, தொட்டிலில் கிடத்தினால் அலறல். பாலும் இரண்டு வாய் விழுங்கிவிட்டுத் தள்ளிவிடுவாள். காய்ச்சல் இல்லை, காதையும் இழுக்கவில்லை. ஆனால் முந்தின வாரம் சளி இருந்தது. இதைச் சொன்னதும் குழந்தை மருத்துவர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார்: நடுக்காதில் சீழ். படுத்தாலும் விழுங்கினாலும் அங்கே அழுத்தம் மாறி வலிக்குமாம். எடைக்கேற்ற பாராசிட்டமாலும் ஆன்டிபயாடிக்கும் கொடுத்தார். வலி அடங்கியதும் தானாகவே இறங்கி அப்பத்தாவின் முறுக்கு டப்பாவைத் தேடிப் போனாள். அப்பாடா! ஆன்டிபயாடிக்கை மட்டும் அவர் சொன்ன நாள்வரை நிறுத்தாமல் கொடுத்தேன்.