அயல்நாட்டில் நோயுற்று எழுந்தபின் அமைதியான கடற்கரையில் இளைப்பாறுவது எப்படி

அயல்நாட்டுப் பயணத்தின் நடுவே காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ கண்டு, விடுதி அறையில் நான்கைந்து நாட்கள் சுருண்டு கிடந்தவர் எழுந்து நடமாடத் தொடங்கியதும், விட்டுப்போன இடங்களையெல்லாம் ஒரே மூச்சில் பார்த்துவிட நினைப்பார். அல்லது கிடைக்கும் முதல் விமானத்தில் ஊர் திரும்பிவிட நினைப்பார். ஆள் நடமாட்டம் குறைந்த ஒரு கடற்கரையில் மூன்று நான்கு நாட்கள் எந்த வேலையும் வைத்துக்கொள்ளாமல் தங்கி, உடம்பு தேறியபின் அந்த முடிவை எடுப்பது பெரும்பாலும் நல்லது. ஆனால் வெயிலும் வெப்பமும் அலையும் ஒருங்கே இருக்கும் கடற்கரை, நலமாக இருப்பவரையே களைப்படையச் செய்யும் இடம் என்பதால், அங்கே ஓய்வெடுப்பதற்குக் கொஞ்சம் திட்டம் தேவைப்படுகிறது.

புறப்படுவதற்கு முன்

மருந்தின் உதவியில்லாமல் ஒரு முழு நாளாவது காய்ச்சல் வராமல் இருக்க வேண்டும்; குடித்த நீரும் உண்ட உணவும் வயிற்றில் தங்க வேண்டும்; ஒரு மாடி ஏறினால் தலைசுற்றல் வரக்கூடாது. இவை மூன்றும் அமையும்வரை மருத்துவமனை உள்ள ஊரைவிட்டு நகர வேண்டாம்.

கொசுக்கள் மிகுந்த வெப்பமண்டல நாடுகளில் காய்ச்சல் கண்டவர்கள் இன்னொன்றையும் மனத்தில் கொள்ள வேண்டும். டெங்குக் காய்ச்சலில் உண்மையான ஆபத்து காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது அல்ல, அது இறங்கியபின் வரும் 24 முதல் 48 மணி நேரத்தில்தான் தலைகாட்டுகிறது. 'காய்ச்சல் விட்டுவிட்டது, கிளம்பலாம்' என்று பெட்டியைக் கட்டும் அதே நாளில் இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து நிலைமை மோசமாகக்கூடும். கடுமையான வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறுகளிலோ மூக்கிலோ இரத்தம், காரணமற்ற அமைதியின்மை, மிகுந்த சோர்வு ஆகியவற்றில் எது தென்பட்டாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். ஆகவே டெங்கு இல்லை என்று இரத்தப் பரிசோதனையில் தெரியாதவரை, காய்ச்சல் இறங்கிய பிறகு இரண்டு நாட்கள் மருத்துவமனை உள்ள ஊரிலேயே இருப்பது பாதுகாப்பானது. அதுவரை வலிக்குப் பாராசிட்டமாலை மட்டும் அளவோடு எடுத்துக்கொள்ளலாம். இரத்தக்கசிவைத் தூண்டக்கூடிய ஆஸ்பிரினையும் இபுப்ரோஃபெனையும் தவிர்க்க வேண்டும்.

கிளம்பும்போது மருத்துவமனை தந்த சீட்டுகள், பரிசோதனை முடிவுகள், பணம் கட்டிய ரசீதுகள் எல்லாவற்றையும் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பயணக் காப்பீடு இருந்தால், பயணச்சீட்டை மாற்றுவதற்கு முன்பே அந்நிறுவனத்துக்குத் தெரிவிப்பது நல்லது. முன்கூட்டியே சொல்லாத செலவைத் தர மறுப்பதற்குப் பல காப்பீடுகளில் விதி உண்டு. விசாவில் மீதமுள்ள நாட்களையும் எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இடத்தைத் தேர்ந்தெடுத்தல்

அமைதியான கடற்கரை வேறு, ஆளரவமற்ற கடற்கரை வேறு. படகில் மட்டுமே சென்று சேரக்கூடிய, தொலைபேசித் தொடர்பு எட்டாத தீவுக்கரை படத்தில் மிக அழகாகத்தான் இருக்கும். இரவு பத்து மணிக்கு மறுபடி குளிர்க்காய்ச்சல் வந்தால் அந்த அழகால் ஒரு பயனும் இல்லை. வாகனத்தில் ஒரு மணி நேரத்துக்குள் மருத்துவரை அடைய முடிகிற, இரவிலும் வண்டி கிடைக்கிற கரையாகப் பாருங்கள். சுற்றுலாக் கூட்டம் மொய்க்கும் கடற்கரையிலிருந்து சிறிது தள்ளியிருக்கும் சிற்றூர்கள் பெரும்பாலும் இந்தத் தேவைக்குப் பொருந்திவிடும்.

அறையைத் தேர்ந்தெடுக்கும்போது கடல் தெரிகிறதா என்பதைவிட, அறையிலிருந்து கரைக்கு எத்தனை படிகள் இறங்க வேண்டும் என்று கேளுங்கள். நான் ஒருமுறை வயிற்றுநோயிலிருந்து எழுந்து, காட்சிக்கு ஆசைப்பட்டுக் குன்றின்மேல் இருந்த விடுதியில் அறை எடுத்தேன். ஏறத்தாழ நூறு படிகள். தங்கிய நான்கு நாட்களில் கரைக்கு இறங்கியது ஒரே ஒரு முறை. மீதி நேரமெல்லாம் கடலைச் சன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். தரைத்தளம், தனிக் கழிப்பறை, காற்றோட்டம், கொசுவலை, கரையோரத்தில் மர நிழல் ஆகியவை இருந்தால் அறை சிறியதாக இருந்தாலும் போதும்.

வெயிலும் நிழலும்

நோய்க்கு எடுத்துக்கொள்ளும் மருந்தே வெயிலை எதிரியாக்கிவிடும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. மலேரியாத் தடுப்புக்கும் வேறு பல தொற்றுகளுக்கும் தரப்படும் டாக்ஸிசைக்ளின், வயிற்றுப்போக்குக்குச் சில இடங்களில் தரப்படும் சிப்ரோஃப்ளாக்சசின் ஆகிய இரண்டும் தோலை வெயிலுக்குக் கூச்சமடையச் செய்பவை. வழக்கமாக ஒரு மணி நேரம் தாங்கும் தோல், இம்மருந்துகளை உண்ணும் நாட்களில் அதைவிட மிகக் குறைந்த நேரத்திலேயே சிவந்து கொப்புளிக்கக்கூடும். கையிலுள்ள மருந்துச்சீட்டில் இவை இருக்கின்றனவா என்று பாருங்கள். புரியாவிட்டால் மருந்துக்கடையில் கேளுங்கள்.

வெயிலின் கடுமையை அளக்கக் கருவி வேண்டியதில்லை. உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் புற ஊதாக் கதிர் கடுமையாக இருக்கிறது என்று பொருள். அந்த நேரத்தில் உள்ளே இருங்கள். காலை வேளையும் மாலை வேளையும் கடற்கரைக்கு உரியவை. மெல்லிய மேகம் மூடியிருந்தாலும் கதிர்களில் பெரும்பகுதி ஊடுருவி வந்துவிடும். மணலும் அலைநுரையும் அவற்றைத் திருப்பி எறிவதால், குடையின்கீழ் உட்கார்ந்திருப்பவரின் முகத்திலும் வெயில் படும். ஆகவே நிழலோடு முழுக்கைச் சட்டையும் அகன்ற தொப்பியும் வேண்டும். எஸ்.பி.எஃப். (வெயில் காப்பு அளவு) 30 உள்ள சன்ஸ்கிரீன் சருமத்தைச் சிவக்கச் செய்யும் கதிர்களில் ஏறத்தாழ 97 விழுக்காட்டைத் தடுக்கும் என்றாலும், தாராளமாகப் பூசி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும் பூசினால்தான் அந்தக் கணக்கு செல்லும். கொசுவிரட்டியும் தேவைப்பட்டால் முதலில் சன்ஸ்கிரீன், அது காய்ந்தபின் கொசுவிரட்டி என்பதே முறை. மருந்துகளை வெயிலில் கிடக்கும் பைக்குள் வைக்காமல் அறையிலேயே விட்டுவாருங்கள்.

நீர்

கடற்காற்று வியர்வையை உடனுக்குடன் உலர்த்திவிடுவதால், உடம்பு எவ்வளவு நீரை இழக்கிறது என்பது நமக்குத் தெரிவதில்லை. ஏற்கெனவே வயிற்றுப்போக்கிலும் காய்ச்சலிலும் வறண்டுபோன உடம்புக்கு இது ஆபத்து. தாகம் எடுக்கும்வரை காத்திராமல் சிறிது சிறிதாகக் குடித்துக்கொண்டே இருங்கள். சிறுநீர் வெளிர்மஞ்சளாக இருந்தால் போதிய அளவு குடிக்கிறீர்கள் என்று கொள்ளலாம்.

வயிறு இன்னும் இளகியிருந்தால் வெறும் நீர் போதாது. நீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு-சர்க்கரைக் கலவையான ஓ.ஆர்.எஸ். பொடி கிடைக்குமிடங்களில் அதையே வாங்குங்கள். கிடைக்காதபோது, ஒரு லிட்டர் தூய நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும், தலைதட்டி அளந்து, கரைத்துக்கொள்ளலாம். கரைசலில் உள்ள சர்க்கரை குடல் உப்பை உறிஞ்ச உதவுகிறது, உப்போடு நீரும் உள்ளே செல்கிறது. அதனால்தான் இரண்டும் அளவு மாறாமல் இருக்க வேண்டும். உப்பைக் கூட்டுவது கேடு. நீரின் தூய்மையில் ஐயம் இருந்தால் நன்கு கொதித்தபின் ஒரு நிமிடம் கொதிக்கவிட்டு ஆறவையுங்கள்.

நாளைக் கழித்தல்

முதல் நாள் காலை ஒரு மணி நேரம் நிழலில் படுத்திருப்பது, மாலை அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பது, அவ்வளவுதான். இது கேலிக்குரியதாகத் தோன்றலாம். ஆனால் நோய்க்குப்பின் வரும் களைப்பு அதிகம் உழைத்த அன்றைக்கே தெரிவதில்லை, மறுநாள் காலையில்தான் வெளிப்படுகிறது. எனவே எவ்வளவு நேரம் இருக்கலாம் என்பதை அன்றைய உற்சாகத்தை வைத்து முடிவுசெய்யாதீர்கள். எழுந்தவுடன் உடம்பு நேற்றைவிட இலகுவாக இருந்தால் மட்டும் கொஞ்சம் கூட்டுங்கள், கனமாக இருந்தால் பாதியாகக் குறையுங்கள்.

நடக்க விரும்பினால் அலை நனைத்து இறுகிய மணலில் நடங்கள். உலர்ந்த மணலில் நடப்பதற்குக் கெட்டித் தரையில் நடப்பதைவிட இரண்டு மடங்குக்கும் மேற்பட்ட ஆற்றல் செலவாகும். போகும்போதே திரும்பும் தூரத்தையும் எண்ணிக்கொள்ள வேண்டும். படுத்திருந்து எழும்போது முதலில் உட்கார்ந்து, சிறிது பொறுத்து நில்லுங்கள்; நீர் குறைந்த உடம்பில் சட்டென்று எழுந்தால் கண் இருட்டிக்கொண்டு வரும். நாய்கள் திரியும் கரையில் வெறும் தரையில் படுக்காமல் விரிப்பிலோ சாய்நாற்காலியிலோ படுங்கள்; அவற்றின் கழிவிலிருந்து வரும் கொக்கிப்புழுவின் இளம்புழுக்கள் தோலுக்குள் நுழைந்து, வளைந்து வளைந்து செல்லும் அரிப்புத் தடங்களை உண்டாக்கும்.

கடலில் இறங்கலாமா என்ற கேள்வி இரண்டாம் நாளிலேயே எழுந்துவிடும். வழக்கமான அளவு உண்டு, அரை மணி நேரம் களைப்பின்றி நடக்க முடிகிற வரையில் கணுக்காலளவு நீரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கரையிலிருந்து கடலுக்குள் இழுத்துச்செல்லும் நீரோட்டத்தில் சிக்கியவர் அதை எதிர்த்து நீந்தாமல் கரைக்கு இணையாக நீந்தி வெளியேற வேண்டும் என்பார்கள். நோயிலிருந்து எழுந்தவரிடம் அதற்கான வலு இருக்காது, அமைதியான கரைகளில் உயிர்காப்பாளரும் இருப்பதில்லை. ஊசி குத்திய இடமோ வேறு புண்ணோ ஆறாதிருந்தால் கடல்நீர் அதில் படவே கூடாது. மூக்கடைப்போ காதுவலியோ உள்ளவர்கள் முக்குளிப்பதைத் தள்ளிப்போடுங்கள். வயிற்றுப்போக்கு இருந்தவர்கள் விடுதியின் நீச்சல்குளத்தையும் தவிர்ப்பது பிறருக்குச் செய்யும் உதவி. அந்த வயிற்றுப்போக்குக்குக் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி காரணமாக இருந்தால், நோய் நின்றபின்னும் இரண்டு வாரங்கள் குளத்தில் இறங்கக்கூடாது.

தனியே பயணம் செய்பவர்கள் விடுதியில் ஒருவரிடமாவது தமக்கு அண்மையில் என்ன நோய் இருந்தது என்று சொல்லிவைக்க வேண்டும். வீட்டாரிடம் ஒரு குறிப்பிட்ட நேரத்தில் நாள்தோறும் பேசுவதாக வைத்துக்கொண்டால், அந்த நேரத்தில் அழைப்பு வராதபோது அவர்கள் விசாரிப்பார்கள்.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ பயணத்தைத் தொடர்வதா, திரும்புவதா என்று முடிவெடுக்கலாம். திரும்புவதானால் நீண்ட விமானப் பயணத்தில் நீர் அருந்தி, அவ்வப்போது எழுந்து நடங்கள். நெடுநாள் படுத்திருந்த கால்களில் இரத்தம் உறைய வாய்ப்பு கூடுதல். மலேரியா உள்ள நாட்டுக்குச் சென்றுவந்தவருக்கு, திரும்பிய ஓராண்டுக்குள் எப்போது காய்ச்சல் கண்டாலும் அன்றே மருத்துவரிடம் சென்று, எந்தெந்த நாடுகளில் எத்தனை நாட்கள் இருந்தார் என்பதை அவர் கேட்பதற்கு முன்பே சொல்லி, இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.