ஒதுக்கினார்களா, கொடுத்தார்களா? நிதி அமைச்சகத்தைக் கேள்வி கேட்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தண்டையார்பேட்டையில் ஒரு மாடி அறை. ஞாயிறு காலை பத்து மணிக்குப் பிள்ளைகள் வந்துவிடுவார்கள். கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, எண்ணூர் பக்கத்திலிருந்து கல்லூரி மாணவர்கள், ஒரு ஆட்டோ ஓட்டுநர், காசிமேட்டில் ஒரு படகுக்குக் கணக்கு எழுதும் பெண். பட்ஜெட் ஆவணங்களை வரி வரியாகப் படிப்பது, எம்.பி. வழியாக நாடாளுமன்றத்தில் கேள்வி வைப்பது, அமைச்சகங்களின் செலவை ஆராயும் எம்.பி.க்கள் குழுவான நிலைக்குழுவுக்கு மனு எழுதுவது. இதுதான் எங்கள் வேலை.

போன மாதம் அந்தப் பெண் ஒரு கேள்வி எழுதிக்கொண்டு வந்தாள். "காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு நிதி அமைச்சர் 2021-இல் ஒதுக்கிய பணம் என்ன ஆனது?" படித்ததும் எனக்குத் திக்கென்றது. கிட்டத்தட்ட இதே வாக்கியத்தை நானே ஒரு துண்டறிக்கையில் எழுதியிருக்கிறேன். அதனால் வந்த வினையையும் பார்த்திருக்கிறேன். புதிதாக வருகிற எல்லோரும் அதே பள்ளத்தில் வந்து விழுவதால் இதை எழுதுகிறேன். எழுத்துப்பிழை, லட்சத்தைக் கோடியாக எழுதுவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை பழகப் பழகப் போய்விடும்.

எல்லாவற்றையும் நிதி அமைச்சரிடம் கேட்பது

நிதி அமைச்சகத்தில் இப்போது ஆறு துறைகள்: பொருளாதார விவகாரம், செலவினம், வருவாய், நிதிச் சேவைகள், முதலீடு மற்றும் பொதுச் சொத்து மேலாண்மை, 2021-இல் வந்து சேர்ந்த பொது நிறுவனங்கள் துறை. வங்கி, காப்பீடு, வரி, கடன் என்றால் இங்கே கேட்கலாம். மீன்பிடித் துறைமுகம் என்றால் மீன்வளத் துறை, மெட்ரோ என்றால் நகர்ப்புற விவகார அமைச்சகம். அவர்களுக்கென்று தனியாக மானியக் கோரிக்கை, அதாவது ஆண்டுச் செலவுக்கு அவையிடம் பணம் கேட்கும் ஆவணம், உண்டு. பட்ஜெட்டை வாசித்தவர் நிதி அமைச்சர் என்பதற்காகக் கேள்வியையும் அவருக்கே அனுப்பினால் அது வேறு அமைச்சகத்துக்கு மாற்றப்படும், இல்லாவிட்டால் தள்ளுபடியாகும். ஒரு கூட்டத்தொடர் வீணாகப் போகும்.

பட்ஜெட் நாளில் டிவி முன்னால் உட்கார்ந்து குறிப்பு எடுப்பது

வேண்டாம். ஆவணங்கள் அன்றைக்கே இணையத்தில் வந்துவிடும்.

அறிவிப்பைப் பணம் என்று எண்ணுவது

இன்றும் எனக்கு எரிச்சல் தருவது இந்தத் தவறுதான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2021 பிப்ரவரி 1-ஆம் தேதி பட்ஜெட் உரையில் கொச்சி, சென்னை, விசாகப்பட்டினம், பாரதீப், பெட்டுவாகாட் என்று ஐந்து பெரிய மீன்பிடித் துறைமுகங்கள் பொருளாதார மையங்களாக மேம்படுத்தப்படும் என்று அறிவித்தார்கள். சென்னை என்றால் காசிமேடு. அன்று சாயங்காலமே எங்கள் பக்கம் பேச்சு மாறிவிட்டது. படகு நிறுத்த இடமில்லை, ஏலக்கூடத்தில் கால் வைக்க முடியவில்லை என்று வருடக்கணக்காகப் புலம்பியவர்களுக்கு அது நல்ல சேதி. நானும் ஒரு துண்டறிக்கை அடித்தேன். "காசிமேட்டுக்கு நிதி ஒதுக்கீடு" என்று பெரிய எழுத்தில் தலைப்பு.

அந்த உரையை இப்போது எடுத்துப் பாருங்கள். ஐந்து துறைமுகங்களின் பெயரைச் சொல்லும் அந்த வாக்கியத்தில் ஒரு தொகையும் கிடையாது. கணிசமான முதலீடு செய்யப்படும் என்று இருக்கிறது, அவ்வளவுதான். இல்லாத ஒதுக்கீட்டை நானாக எழுதியிருந்தேன்.

துண்டறிக்கையை ஏலக்கூடத்தில் கொடுத்துக்கொண்டு போனபோது ஒரு விசைப்படகுக்காரர் வாங்கிப் படித்தார். வயதானவர். ஈரக் கையில் தாள் ஒட்டிக்கொண்டது. "தம்பி, ஏலத்துல கூவுன வெலைய எய்தினு வந்துக்குற. கையில எண்ணுனது எவ்ளோ, அத்த சொல்லு" என்றார். மீன் ஏலம் தெரிந்தவர்களுக்கு இது புரியும். வஞ்சிரத்துக்குக் கூவிய விலை ஒன்று. தரகு, ஐஸ், முன்பணப் பிடித்தம் எல்லாம் போய்ப் படகுக்காரர் கைக்கு வருவது வேறொன்று. அவரிடம் சொல்ல எனக்குப் பதில் இல்லை.

இதில் நஷ்டம் என்ன என்று கேட்கலாம். பணம் வந்துவிட்டது என்று நாங்களே சொல்லிவிட்டதால் அந்த வருடம் முழுக்க யாரும் கேள்வி வைக்கவில்லை. மழைக்காலக் கூட்டத்தொடர் போனது, குளிர்காலக் கூட்டத்தொடர் போனது. மனு எழுதலாம் என்று நான் சொன்னபோது, "அதான் ஒதுக்கிட்டாங்கனு நீயே எழுதுனியே" என்றார்கள். ஒரு தப்பான தலைப்பால் ஒரு வருடம் போனது.

தொகை சொல்லப்பட்டாலும் நிலைமை பெரிதாக மாறாது. அதே 2021 உரையில் சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டத்துக்கு 118.9 கிலோமீட்டர், ரூ.63,246 கோடி என்று எண்ணோடு வந்தது. மாதவரத்திலிருந்து இரண்டு வழித்தடங்கள் புறப்படுகிற திட்டம், அதனால் வட சென்னைக்கு முக்கியமானது. மத்திய அமைச்சரவை அதை மத்தியத் துறைத் திட்டமாக, அதாவது மத்திய அரசின் கணக்கில் வரும் திட்டமாக, ஏற்றது 2024 அக்டோபர் 3-ஆம் தேதி. இடையில் மூன்றரை ஆண்டுக்கும் மேல். அந்த ரூ.63,246 கோடி மொத்தத் திட்டச் செலவு. அதில் மத்திய அரசின் பங்கு ஒரு பகுதி, கடன் ஒரு பகுதி, மாநிலத்தின் பங்கு ஒரு பகுதி. இதையெல்லாம் பிரிக்காமல் "63,246 கோடி கொடுத்தார்கள்" என்றோ "63,246 கோடி தரவில்லை" என்றோ எழுதினால் இரண்டுமே தப்பு.

சரி, என்ன செய்ய வேண்டும்? செலவு பட்ஜெட் ஆவணத்தில் ஒவ்வொரு வரிக்கும் நான்கு பத்திகள், அதாவது நெடுவரிசைகள், இருக்கும். நடப்பு ஆண்டுக்கு முந்தைய ஆண்டின் மெய்ச்செலவு (உண்மையில் செலவானது), நடப்பு ஆண்டின் பட்ஜெட் மதிப்பீடு (தொடக்கத்தில் போட்டது), அதே ஆண்டின் திருத்திய மதிப்பீடு (பிறகு மாற்றிப் போட்டது), வரப்போகும் ஆண்டின் பட்ஜெட் மதிப்பீடு. எங்கள் அறையில் மெய்ச்செலவுப் பத்தியின் மேல் நீலப் பென்சிலால் கோடு போடச் சொல்வேன். முதலில் கண் அங்கே போகட்டும் என்பதற்காக.

பத்திகளைக் குழப்பினால் என்ன ஆகும் என்பதற்கு நூறு நாள் வேலைத் திட்டத்தைப் பாருங்கள். நகரத்துக்கு அது கிடையாது, ஆனால் நான் சொல்லப்போகும் ஆண்டுகளில் எண்ணூரைத் தாண்டினால் மீஞ்சூர்ப் பக்கத்துக் கிராமங்களுக்கு இருந்தது. அங்கிருந்தும் எங்களிடம் வருகிறார்கள். 2022-23-க்கு முதலில் ரூ.73,000 கோடி, திருத்திய மதிப்பீடு ரூ.89,400 கோடி. 2023-24-க்குப் போட்டது ரூ.60,000 கோடி. குறைந்தது எவ்வளவு? ரூ.73,000 கோடியோடு ஒப்பிட்டால் 13,000 கோடி. ரூ.89,400 கோடியோடு ஒப்பிட்டால் 29,400 கோடி. ஆளுங்கட்சிக்காரர் ஒன்றைச் சொல்வார், எதிர்க்கட்சிக்காரர் மற்றதைச் சொல்வார். இரண்டு எண்ணும் ஆவணத்தில் இருப்பவைதான். அப்புறம் அந்த 2023-24-ஆம் ஆண்டுக்கே திருத்திய மதிப்பீடு ரூ.86,000 கோடியாக ஏறியது. டிசம்பரில் துணை மானியக் கோரிக்கை வைத்துக் கூடுதல் பணம் கேட்டார்கள்.

இங்கேதான் உண்மையான கேள்வி பிறக்கிறது. முந்தைய ஆண்டு 89,400 கோடி தேவைப்பட்டது தெரிந்தும் ஏன் 60,000 கோடியோடு தொடங்கினீர்கள்? துணைக் கோரிக்கை வரும்வரை கூலி பாக்கி எத்தனை நாள் நின்றது? கூலிக்காகக் காத்திருந்த பெண்ணுக்கு எந்தப் பத்தி பெரியது என்பதில் அக்கறை இல்லை. பணம் எந்த வாரம் வங்கிக்கு வந்தது என்பதுதான் அவளுக்கு வேண்டும். நம் கேள்வியும் அந்த வாரத்தைத்தான் கேட்க வேண்டும்.

இவ்வளவு சொன்ன பிறகும் ஒவ்வொரு பிப்ரவரியிலும் என் கைபேசிக்கு "நம்ம ஏரியாவுக்கு இத்தனை கோடி" என்று படங்கள் வருகின்றன. அனுப்புகிறவர்கள் என்னிடம் படித்தவர்கள். அதுதான் மனதைக் கஷ்டப்படுத்துகிறது.

மார்ச் முடிந்த பிறகு விழித்துக்கொள்வது

பிப்ரவரி 1-இல் பட்ஜெட். பொது விவாதம் முடிந்து அவை இடைவேளைக்குப் போகும். அந்த இடைவேளையில்தான் துறைவாரி நிலைக்குழுக்கள் மானியக் கோரிக்கைகளை ஆராய்கின்றன. 1993-இல் 17 குழுக்களாக ஆரம்பித்து 2004-இல் 24 ஆனவை. ஒவ்வொன்றிலும் மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர். உங்கள் குறிப்பு எம்.பி. கைக்குப் போக வேண்டியது அந்த வாரங்களில். அதற்கு மேல் போனால் கில்லட்டின் வந்துவிடும். விவாதிக்காமல் மிச்சம் இருக்கிற எல்லாக் கோரிக்கைகளையும் ஒரே மூச்சில் வாக்கெடுப்புக்கு விடுவதுதான் கில்லட்டின். 2023 மார்ச் 23-ஆம் தேதி ஏறக்குறைய ரூ.45 லட்சம் கோடி செலவு மக்களவையில் விவாதமே இல்லாமல் சில நிமிடங்களில் நிறைவேறியது. ஒரு துறைகூட அன்று பேசப்படவில்லை. நாடாளுமன்றம் தன் முதல் வேலையை இப்படிக் கைவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆனால் அது நடக்கும் என்று தெரிந்துகொண்டுதான் நாம் முன்கூட்டியே வேலை செய்ய வேண்டியிருக்கிறது.

இன்னொன்று. வாக்கெடுப்புக்கே வராத செலவும் உண்டு. அரசியலமைப்பின் 112-ஆம் பிரிவுப்படி கடன் வட்டி போன்றவை தொகுப்பு நிதியின் (அரசின் பொதுக் கருவூலக் கணக்கு) மேல் சாட்டப்பட்ட செலவுகள். பேசலாம், வாக்களிக்க முடியாது. 2025-26 பட்ஜெட்டில் மொத்தம் ரூ.50.65 லட்சம் கோடி, அதில் வட்டி மட்டும் ரூ.12.76 லட்சம் கோடி. வட்டிக்கு வெட்டுத் தீர்மானம் (கோரிய தொகையைக் குறைக்கச் சொல்லும் தீர்மானம்) கொடுக்கச் சொல்லி எம்.பி.க்கு எழுதாதீர்கள்.

நிலைக்குழுவுக்கு அமைச்சர் வருவார் என்று காத்திருப்பது

வர மாட்டார். செயலாளர்கள்தான் வருவார்கள். செலவினச் செயலாளரிடம் கேட்கும்படி கேள்வியை எழுதுங்கள்.

மனுவை வாட்ஸ்அப்பில் போடுவது

இதைச் செய்யாதவர்களே இல்லை. குழுவுக்குக் கொடுத்த மனு குழுவின் பதிவேட்டில் சேர்ந்துவிடும், ரகசியமாக வைக்கப்படும். அதை வெளியே சுற்றுக்கு விடுவது நாடாளுமன்ற உரிமை மீறல். அறிக்கை அவையில் வைக்கப்படும்வரை குழுவில் நடந்ததை உறுப்பினர்களும் வெளியே சொல்லக் கூடாது. மனு கொடுத்தீர்களா, பேசாமல் வீட்டுக்குப் போங்கள். தலைப்பை மட்டும்கூடப் பெருமைக்காகப் பகிராதீர்கள். உங்களுக்கு உதவிய உறுப்பினருக்குத்தான் சங்கடம்.

"தகவல் திரட்டப்பட்டு வருகிறது" என்றதும் சோர்ந்துபோவது

பிள்ளைகள் இந்தப் பதிலைப் பார்த்ததும் தாளை மடித்து வைத்துவிடுகிறார்கள். மடிக்காதீர்கள். தகவல் திரட்டி அவையில் வைக்கப்படும் என்று அமைச்சர் சொன்னால் அது ஓர் உறுதிமொழியாகப் பதிவாகும். மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும். நிறைவேற்றாவிட்டால் துரத்துவதற்கென்றே அரசு உறுதிமொழிகள் குழு இருக்கிறது. மக்களவையில் 1953-இலிருந்து இருக்கிறது. தேதியையும் கேள்வி எண்ணையும் குறித்து வைத்து, நான்காவது மாதம் எம்.பி. அலுவலகத்துக்கு ஒரு கடிதம் போடுங்கள். வழவழவென்று வந்த முழுப் பதிலைவிட இது நமக்கு லாபம்.

தணிக்கை அறிக்கையைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்வது

அரசின் கணக்குகளைத் தணிக்கை செய்யும் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் (சிஏஜி) அறிக்கை ஒரு தொடக்கம். ஜிஎஸ்டி இழப்பீட்டு மேல்வரியில் 2017-18, 2018-19 இரண்டு ஆண்டுகளில் ரூ.47,272 கோடி அதற்குரிய நிதியில் சேர்க்கப்படாமல் தொகுப்பு நிதியிலேயே வைத்துக்கொள்ளப்பட்டது என்று தணிக்கை சொன்னது. மாநிலங்களுக்குப் போக வேண்டிய இழப்பீட்டுக்கான பணம் அது. உடனே "திருடிவிட்டார்கள்" என்று கத்துவது எளிது. அறிக்கையின் அந்தப் பகுதியைத் தணிக்கை அறிக்கைகளை ஆராயும் நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழு எடுத்ததா, அமைச்சகம் என்ன விளக்கம் கொடுத்தது, பரிந்துரை மீது எடுத்த நடவடிக்கை அறிக்கை வந்ததா என்று பின்தொடர்வதுதான் கடினம். அந்தக் குழுவுக்கு 1967-இலிருந்து எதிர்க்கட்சி உறுப்பினரே தலைவராக இருப்பது வழக்கம். அந்த வழியை முழுக்கப் பயன்படுத்துங்கள்.

பெரிய கேள்வி கேட்பது

"பொருளாதாரத்தை மீட்க அரசு எடுத்த நடவடிக்கைகள் என்ன?" என்று கேட்டால் நான்கு பக்கத்துக்குத் திட்டங்களின் பெயர்ப் பட்டியல் வரும். 1957-இல் எம்.பி. பெரோஸ் காந்தி மக்களவையில் கேட்டது மிகக் குறுகிய விஷயம். எல்.ஐ.சி. அப்போது தொடங்கி ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. தொழிலதிபர் ஹரிதாஸ் முந்த்ராவின் ஆறு நிறுவனங்களில் சுமார் ஒன்றேகால் கோடி ரூபாய்க்குப் பங்குகள் வாங்கியிருந்தது. வாங்குவதற்கு முன் முதலீட்டுக் குழுவைக் கேட்கவில்லை. யார் சொல்லி வாங்கினீர்கள்? அவ்வளவுதான் கேள்வி. நீதிபதி சாக்ளா விசாரணை நடந்தது. 1958 பிப்ரவரியில் நிதி அமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். அவர் நம் சென்னைக்காரர். கேள்வி கேட்டவர் அவருடைய சொந்தக் கட்சி எம்.பி. நம் பிள்ளைகளுக்கு இந்தக் கதையை நான் ஒவ்வொரு வருடமும் சொல்கிறேன்.

அன்று அந்தப் பெண்ணோடு உட்கார்ந்து கேள்வியைத் திருத்தினோம். இரண்டு மணி நேரம் ஆனது. மீன்வள அமைச்சகத்துக்கு என்று மாற்றினாள். பிறகு இப்படி எழுதினாள்: சென்னை மீன்பிடித் துறைமுக மேம்பாட்டுக்கு 2021-22 முதல் ஆண்டுவாரியாகப் பட்ஜெட் மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, மெய்ச்செலவு எவ்வளவு, ஒவ்வொரு தவணையும் விடுவிக்கப்பட்ட தேதி எது, பணம் செலவானதற்கான பயன்பாட்டுச் சான்றிதழ் எந்தத் தேதியில் வந்தது, வரவில்லை என்றால் யாரிடம் நிற்கிறது.

கேள்விகள் குலுக்கல் முறையில்தான் தேர்வாகும். இந்தக் கூட்டத்தொடரில் விழவில்லை என்றால் அடுத்ததில் இதையே கொடுப்போம். திங்கட்கிழமை காலை எம்.பி. அலுவலகத்தில் கொடுக்கப் போகும்போது அவளுடைய அப்பாவும் கூட வருகிறேன் என்றிருக்கிறார். அன்றைக்குப் படகு கரையில்தான் நிற்கும்.