பி.ஆர். வேலையில் புதியவர்கள் சறுக்கும் இடங்கள்

பி.ஆர். என்னும் மக்கள் தொடர்புத் தொழிலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளைக் கவனிக்கிறேன். எங்கள் காலத்துச் சறுக்கல்களே ஒன்றுவிடாமல் திரும்ப வருகின்றன. பத்திரிகைகளுக்கு அனுப்பும் ரிலீஸில் எழுத்துப்பிழை, நிருபர் பெயரைத் தப்பாகப் போடுவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். ஒருமுறை திட்டு வாங்கினால் அவை தானாகச் சரியாகிவிடும்.

விளம்பரத்தைக் காட்டிச் செய்தியை அமுக்கப் பார்ப்பது

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல்தான். ஒரு பலகாரக் கம்பெனி. பாக்கெட்டில் கரப்பான் பூச்சி இருந்ததாக வாடிக்கையாளர் வீடியோ போட்டுவிட்டார். நிருபர் விளக்கம் கேட்டுக் கூப்பிட்டார். முதலாளியோ, "வருஷம் பூரா விளம்பரம் குடுக்கிறோம்ல, நியூஸைத் தூக்கச் சொல்லுங்க தம்பி" என்றார். பி.ஆர். வேலைக்குப் புதிதாக வந்திருந்த அந்தத் தம்பியும் பத்திரிகையின் விளம்பரப் பிரிவுக்கே போன் போட்டார். விஷயம் நிருபர் காதுக்குப் போகாமல் இருக்குமா? மாவட்டப் பக்கத்தில் நாலு வரியாக முடிந்திருக்க வேண்டியது, 'செய்தியை நிறுத்த அழுத்தம்' என்ற வரியோடு எல்லாப் பதிப்பிலும் வந்தது.

விளம்பர இடத்தைக் காசு கொடுத்து வாங்கலாம். செய்தியை வாங்க முடியாது என்று வாசகர் நினைப்பதால்தான் அதை நம்புகிறார். நிறுவனத்துக்கு பி.ஆர். சம்பாதித்துத் தருவது அந்த நம்பிக்கையைத்தான். அதிலேயே கை வைத்தால் எப்படி?

பக்கம் அச்சுக்குப் போவதற்குள் நிருபரிடம் பேசியிருக்க வேண்டும்: எந்த பேட்ச், சரக்கை நிறுத்தியாயிற்றா, யார் விசாரிக்கிறார்கள். தெரியாததை "இன்னும் தெரியவில்லை, நாளை 11 மணிக்குச் சொல்கிறோம்" என்று சொல்லலாம். அப்புறம் 11 மணிக்குக் கூப்பிடவும் வேண்டும்.

பெரிய கம்பெனிகளும் தடுமாறியதுண்டு. 2003 அக்டோபரில், தீபாவளி நேரத்தில், மும்பையில் கேட்பரி டெய்ரி மில்க்கில் புழு இருந்தது செய்தியானது. கடைகளில் சரியாக வைக்காததே காரணம் என்று கம்பெனி முதலில் சொல்லிப் பார்த்தது. அப்படியானால் உறை ஏன் காக்கவில்லை என்ற கேள்விதான் திரும்பி வந்தது. பிறகு 'விஸ்வாஸ்' என்ற திட்டத்தில் கடைக்காரர்களுக்குச் சரக்கை வைக்கும் முறையைச் சொல்லிக்கொடுத்தார்கள். 2004 ஜனவரியில் உறையையே மாற்றினார்கள். அதற்குப் பிறகுதான் அமிதாப் பச்சன் விளம்பரத்தில் வந்து நம்பச் சொன்னார். இந்த வரிசை முக்கியம். பழைய உறையோடு அவரை நிறுத்தியிருந்தால் கேலிதான் மிஞ்சியிருக்கும்.

எல்லாருக்கும் ஒரே ரிலீஸ்

வணிகப் பக்க நிருபருக்கு முதலாளி அன்னதானம் போடும் படத்தை அனுப்பாதீர்கள்.

பிரஸ் மீட்டில் நிருபருக்குப் பணக் கவர்

வேண்டாம்.

சென்டிமீட்டர் கணக்கு

வந்த செய்தியை அளந்து, விளம்பர விலைப்படி இத்தனை லட்சம் என்று காட்டுவது. 2010-லேயே பார்சிலோனாவில் கூடிய துறைக்காரர்கள் இது பி.ஆரின் மதிப்பே அல்ல என்று அறிவித்துவிட்டார்கள். இங்கே மாத ரிப்போர்ட்டில் இன்னும் ஓடுகிறது, முதலாளிகளுக்கு லட்சக் கணக்கு பிடிக்கும் என்பதால். அதற்குப் பதிலாக, உங்கள் கம்பெனியைப் பற்றி எழுதும் முன் எத்தனை நிருபர்கள் உங்களைக் கூப்பிட்டுக் கேட்டார்கள் என்று எண்ணிக் காட்டுங்கள்.