டிபி, டிபிஐ, டிபிடி: ஆன்டெனா கெயின்ல எல்லாரும் சறுக்கற இடங்க

ஆன்டெனா பாக்ஸ்ல "9 டிபி கெயின்"னு பெருசா போட்டிருந்தா உடனே வாங்கிடாதீங்க. கெயின்னா ஆன்டெனா ஒரு திசையில சிக்னலை எவ்வளவு குவிக்குதுங்கற அளவு. டிபிங்கறது (டெசிபல்) வெறும் விகிதம், எதை விட 9 டிபி அதிகம்னு சொல்லலன்னா அந்த நம்பருக்கு அர்த்தமே இல்ல. எல்லா திசையிலயும் சமமா வீசற ஐசோட்ரோபிக் ஆன்டெனாவோட (கணக்குல மட்டும்தான் இருக்கு, யாராலயும் செய்ய முடியாது) ஒப்பிட்டா டிபிஐ, அரை அலை டைபோலோட (அலைநீளத்துல பாதி நீளமுள்ள சாதா கம்பி ஆன்டெனா) ஒப்பிட்டா டிபிடி. அந்த டைபோலுக்கே 2.15 டிபிஐ இருக்கறதால டிபிடில சொன்னா 2.15 கூட்டிக்கணும். ஒரு யாகில (ஒரு பக்கமா குவிக்கற ஆன்டெனா) 7 டிபிடி, இன்னொண்ணுல 9 டிபிஐன்னு இருந்தா முக்கால்வாசி பேரு 9-ஐத்தான் தூக்குவாங்க, ஆனா முதல் யாகி 9.15 டிபிஐ, அதாவது ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதான்!

இதே குழப்பம் பவர் லிமிட்லயும் வரும். ஆன்டெனா கெயினையும் சேர்த்து வெளிய போற பவரை டைபோல் கணக்குல சொன்னா இஆர்பி, ஐசோட்ரோபிக் கணக்குல சொன்னா இஐஆர்பி, 10 வாட் இஆர்பின்னா இஐஆர்பில 16.4 வாட், மாத்திப் போட்டீங்கன்னா லிமிட்டைத் தாண்டிடுவீங்க.

அடுத்து டிபிஎம்மையும் டிபிஐயையும் ஒண்ணா நினைக்கறது. டிபிஎம் நிஜ பவர் (1 மில்லிவாட்டோட ஒப்பிட்டு சொல்றது), 20 டிபிஎம்னா 100 மில்லிவாட். ரேடியோல 20 டிபிஎம், கேபிள்ல 3 டிபி போச்சு, ஆன்டெனா 9 டிபிஐன்னா வெளிய போறது 26 டிபிஎம், சுமார் 400 மில்லிவாட் இஐஆர்பி. பல பேரு அந்த கேபிளை மறந்துட்டு 29-ன்னு சொல்லிட்டு திரிவாங்க. டிபிஎம்மோட டிபிஎம்மை மட்டும் அப்படியே கூட்டாதீங்க, 20 டிபிஎம் ரெண்டு சேர்ந்தா 23 தான், 40 இல்ல, 40ன்னா 10 வாட்டுங்க.

5 டிபிஐக்கு பதிலா 10 டிபிஐ போட்டா ரேஞ்ச் டபுள் ஆகும்னு நினைக்கறதும் தப்பு. பவர் டபுளாக 3 டிபி போதும், ஆனா தூரம் டபுளாகணும்னா தடையே இல்லாத வெளியிலயே 6 டிபி வேணும், நடுவுல மரம், சுவர் இருந்தா அதுவும் பத்தாது. அதோட ஆன்டெனா புதுசா பவர் எதையும் உண்டாக்கறதில்ல, ஒரு பக்கம் கூடினா இன்னொரு பக்கம் குறையும். அதிக கெயின் ஓம்னியை (சுத்தி எல்லா பக்கமும் வீசற ஆன்டெனா) உயரமான டவர்ல ஏத்தினா பீம் தட்டையாகி தூரத்துக்குப் போயிடும், டவருக்கு கீழயே இருக்கறவங்களுக்கு சிக்னல் சொதப்பும்.

எனக்கு ரொம்ப எரிச்சலான விஷயம் சிமுலேஷன் நம்பர், அதாவது கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பாத்து சொல்ற கெயின். சாதா டைபோலையே தரைக்கு மேல அரை அலை உயரத்துல வெச்சு ஓட்டினா தரை பிரதிபலிப்பும் சேர்ந்து 7, 8 டிபிஐ காட்டும், அதை ஆன்டெனாவோட சொந்த கெயின்னு விளம்பரத்துல போட்டா பக்கத்துல இருக்கற ஃப்ரீ ஸ்பேஸ் (தரையே இல்லாத வெளி) நம்பரோட ஒப்பிடவே முடியாது. அப்படி ஏதாவது கண்ணுல பட்டா தரையோடவா, தரை இல்லாமயான்னு முதல்ல கேட்டுடுங்க.