ஊரடங்கு வெயிலில் ஜவ்வரிசி வடாம்: தில்லிக்கேற்ற செய்முறை

தில்லியில் இரண்டு கொரோனா ஊரடங்குகளும் வடாம் பருவத்தில்தான் வந்தன. முதலாவது, நாடு முழுவதற்குமானது, 2020 மார்ச் 25 அன்று தொடங்கியது; இரண்டாவது 2021 ஏப்ரல் 19 இரவு பத்து மணிக்கு. இரண்டாவதில் ஆக்சிஜன் தேடி அலைந்த வீடுகளுக்கு வடாம் நினைவே வந்திருக்காது. ஆகவே இங்கே சொல்வது பெரும்பாலும் முதல் ஆண்டில், ராமகிருஷ்ணபுரத்து மூன்றுமாடிக் குடியிருப்பின் மொட்டைமாடியில் கற்றுக்கொண்டது. அலுவலகத்துக்கு ஓடும் நாட்களில் வடாம் இடவே முடியாது. மாவுக்குப் பக்கத்தில் அரை மணி நேரம் நிற்கவும், வெயிலை நாள் முழுவதும் கவனிக்கவும் வீட்டில் ஆள் வேண்டும். அது அப்போது தாராளமாகக் கிடைத்தது.

கரோல் பாகுக்கோ முனிர்காவுக்கோ தமிழ்க் கடை தேடிப் போக வழியில்லை என்று கவலைப்பட வேண்டாம். அந்த ஆண்டு சைத்ர நவராத்திரியும் மார்ச் 25 அன்றே தொடங்கியதால், விரதக்காரர்களுக்காக வாங்கி வைத்த சாபுதானா தெருமுனை மளிகைக் கடையிலேயே இருந்தது. சாபுதானா என்பது நம் ஜவ்வரிசியேதான். மரவள்ளிக்கிழங்கிலிருந்து அதைச் செய்யும் ஆலைகள் சேலத்தைச் சுற்றித்தான் மிகுதி என்பதால், ஊருக்குப் போக முடியாத நமக்கு ஊரிலிருந்து வந்த சரக்கு அது. பாலாடை நிறத்தில் மங்கலாக இருக்கும் மாவு ஜவ்வரிசியை வாங்குங்கள். கண்ணாடி போல் மினுக்கும் நைலான் ஜவ்வரிசி ஊறவும் வேகவும் கூடுதல் நேரம் எடுக்கும்.

ஒரு டம்ளர் ஜவ்வரிசியைக் களைந்து, இரண்டு டம்ளர் தண்ணீரில் இரவு முழுவதும் ஊறவையுங்கள். விடியற்காலையில் அடிகனமான பாத்திரத்தில் மூன்று டம்ளர் தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஊறியதை அதில் சேர்த்து, அடுப்பைத் தணித்துக் கைவிடாமல் கிளறவேண்டும். மணிகளின் நடுவே தெரியும் வெள்ளைப் புள்ளி ஏறக்குறைய மறைந்து, கூழ் கரண்டியிலிருந்து தயங்கித் தயங்கி விழும் பதத்தில் அடுப்பை அணைத்துவிடலாம். மிச்சப் புள்ளி அந்தச் சூட்டிலேயே மறைந்துவிடும். ஆறினால் கூழ் இன்னும் இறுகும் என்பதால், அடுப்பிலேயே கெட்டியாக்கிவிட்டால் இடும்போது கரண்டி நகராது. ஆறு பச்சைமிளகாயை உப்பும் பெருங்காயமும் சேர்த்து அரைத்துக் கலந்து, கொஞ்சம் சீரகம் தூவி, சற்று ஆறியபின் ஒரு எலுமிச்சம்பழத்தைப் பிழியவேண்டும். கூழில் உப்பு குறைவாகத் தெரிந்தால் அதுவே சரியான அளவு. தண்ணீர் வற்றியபின் உப்பு தூக்கிக்காட்டும்.

எதில் இடுவது என்பதுதான் ஊரடங்கின் உண்மையான சிக்கல், ஏனெனில் பிளாஸ்டிக் தாள் விற்கும் கடைகள் திறக்கவில்லை. பழைய வேட்டி இருந்தால் நல்லது. காய்ந்தபின் துணியின் பின்புறம் தண்ணீர் தெளித்து உரிக்கவேண்டும். வேட்டியும் இல்லாத வீட்டில் பால் பாக்கெட் கைகொடுக்கும். தொற்று அச்சத்தில் நாம் எல்லோரும் பாக்கெட்டைச் சோப்புநீரில் கழுவிக்கொண்டுதானே இருந்தோம். அதையே இரண்டு பக்கமும் வெட்டி விரித்து, உட்புறம் மேலே இருக்கும்படி தட்டில் பரப்பினால், ஒரு பாக்கெட்டில் ஐந்தாறு சிறிய வடாம் இடலாம். பத்து நாள் பாக்கெட்டுகளைச் சேர்த்துவைத்தால் ஒரு டம்ளர் ஜவ்வரிசிக்குப் போதும். காய்ந்த வடாம் அதிலிருந்து தானாகவே பெயர்ந்துவிடும். வேட்டியைவிட இதுவே மேல் என்று நான் இப்போது நினைக்கிறேன்.

காலை ஏழு மணிக்குள் இட்டு முடித்துவிடுங்கள். மொட்டைமாடி பொதுவானது என்பதால், ஒரு நேரத்தில் ஒரு வீட்டார் மட்டும் மேலே போவதென்று வாட்ஸ்அப் குழுவில் முன்கூட்டியே பேசிவைப்பது சண்டையைத் தவிர்க்கும். தில்லி வெயில் சென்னை வெயிலைப் போல ஈரமானது அல்ல. மே மாதத்தில் லூ என்னும் அனல்காற்று வீசும்போது இரண்டே நாளில் வடாம் காய்ந்துவிடும். ஆனால் அதே காற்று, பாதி காய்ந்த வடாமின் ஓரத்தைச் சுருட்டி, தட்டோடு புரட்டியும் விடும். தாள்களின் நான்கு மூலைகளிலும் கல் வையுங்கள். பழைய கொசுவலையை மேலே கட்டினால் தூசியும் புறாவும் அணுகாது. குரங்குக்கு மட்டும் கொசுவலையோ கருப்புக்குடையோ பயன்படாது. அது வந்துவிட்டால் தட்டை எடுத்துக்கொண்டு கீழே இறங்குவதே வழி. 2020 மே 10 அன்று காலையிலேயே வானம் இருண்டு புழுதிப்புயல் அடித்தது போன்ற நாட்களில் எல்லாவற்றையும் உடனே உள்ளே கொண்டுவந்துவிட வேண்டும். ஒருமுறை மண் ஒட்டிய வடாமைக் கழுவிக் காப்பாற்ற முடியாது.

முதல் நாள் மாலை, மேற்புறம் காய்ந்து அடிப்புறம் இன்னும் பிசுபிசுக்கும் வேளையில், வீட்டுக் குழந்தைகளை மாடிக்கு அழைத்துச் செல்லுங்கள். இந்த அரைக்காய்ச்சல் வடாமின் புளிப்பும் இழுவையும் பொரித்த வடாமில் ஒருபோதும் கிடைப்பதில்லை. ஒவ்வொரு தட்டிலும் ஒரு வரிசை இதற்கென்றே இட்டதாக வைத்துக்கொள்ளலாம். பிறகு தட்டுகளை உள்ளே கொண்டுவரும்போது கூலர் ஓடும் அறையில் வைக்காதீர்கள். கூலரின் ஈரக்காற்று, பகல் முழுவதும் காய்ந்ததை ஒரே இரவில் நமுக்கச் செய்துவிடும். என் முதல் ஈடு அப்படித்தான் பூஞ்சை பூத்துக் குப்பைக்குப் போயிற்று. மறுநாள் திருப்பிப்போட்டுக் காயவைத்து, தட்டைக் குலுக்கினால் சில்லறை போல ஓசை வரும்போது டப்பாவில் அடையுங்கள். ஜூன் கடைசியில் மழை தொடங்குமுன் ஒருமுறை மீண்டும் வெயில் காட்டுவது நல்லது.

பொரிக்கும்போது எண்ணெய் நன்றாகக் காயவேண்டும். ஒரு துண்டைப் போட்டவுடன் அது விரிந்து மேலே வராவிட்டால் இன்னும் பொறுங்கள். எதிர்வீட்டுப் பஞ்சாபிக் குடும்பத்துக்குக் கொடுப்பதானால் பொரிக்காமல் ஒரு பையில் கட்டிக் கதவுப்பிடியில் தொங்கவிட்டு, மணியடித்துவிட்டு உங்கள் வாசலுக்கு வந்துவிடுங்கள். அவர்கள் அதைச் சாபுதானா பாப்பட் என்பார்கள். திருத்தவேண்டாம், அடுத்த வாரம் அதே பையில் மாங்காய் ஊறுகாய் திரும்பி வரும்.