நாம் பார்த்த மாற்றத்தை எழுதி வைப்பது எப்படி?

ஆண்டு வாரியாக எழுத உட்காராதீர்கள். நான் அப்படித் தொடங்கி மூன்றாம் பக்கத்திலேயே நின்றுவிட்டேன்.

முதலில் ஒரு பொருளைப் பிடியுங்கள். நான் பிடித்தது தந்தி. வாசலில் சைக்கிள் நின்றாலே, உறையைப் பிரிக்கும் முன்பே அத்தை அழத் தொடங்கிவிடுவார். எனக்கு வேலை கிடைத்த செய்தியும் தந்தியில்தான் வந்தது, அதற்கும் அழுதார். யார் எங்கே நின்றார்கள், யார் படித்துச் சொன்னார்கள் என்பதையெல்லாம் எழுதுங்கள். எங்கள் தெருவில் ஆங்கிலம் தெரிந்தவர் ஒருவர்தான். எல்லா வீட்டு ரகசியமும் அவருக்கு அத்துப்படி!

ஆண்டு மறந்துவிட்டதா? ஊரறிந்த நிகழ்வோடு முடிச்சுப் போடுங்கள்: 1975 நெருக்கடி நிலை, 1982 சத்துணவுத் திட்டம், 2013இல் தந்தி நின்றது, 2016 பணமதிப்பிழப்பு. தம்பி பள்ளியில் சத்துணவு சாப்பிட்டானா என்று கேட்டுத்தான் நான் ஒரு திருமணத்தின் ஆண்டைக் கண்டுபிடித்தேன்.

அப்புறம், ‘அந்தக் காலம் பொற்காலம்’ என்று பேனா ஓடினால் அடித்துவிடுங்கள். டீக்கடையில் சிலருக்குத் தனி டம்ளர் இருந்ததையும் எழுத வேண்டும். நான் குடித்தது எந்த டம்ளரில் என்று எழுத எனக்கு இரண்டு நாள் ஆனது.